உதவித்தொகை நிதி ஏன் மூன்றாம் ஆண்டில் தடுமாறுகிறது? சங்கக் கிளைகளுக்கான கணக்கும் சட்டமும்

மாவட்டத் தலைநகர் ஒன்றில் 300 உறுப்பினர்கள் கொண்ட பொறியாளர் சங்கக் கிளை இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆண்டு விழா மேடையில் தலைவர் அறிவிக்கிறார்: ஏழை மாணவர் இருவருக்கு ஆளுக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய், பொறியியல் படிப்பு முடியும்வரை. விழா முடிவதற்குள் 50,000 ரூபாய் சேர்ந்துவிடுகிறது. அடுத்த ஆண்டு புதிய தலைவர் வருகிறார். அவரும் இருவரைத் தேர்ந்தெடுக்கிறார். இப்போது கொடுக்க வேண்டியது நால்வருக்கு, 1,00,000 ரூபாய். மூன்றாம் ஆண்டு 1,50,000. நான்காம் ஆண்டு 2,00,000. முதல் ஆண்டு வசூலை மனத்தில் வைத்துத் திட்டம் போட்ட கிளை மூன்றாம் ஆண்டில் மூச்சு வாங்கத் தொடங்குகிறது. "இந்த வருஷம் 10,000தான் முடியும் தம்பி" என்று மாணவரிடம் சொல்ல நேர்கிறது. அந்தப் பையன் இந்த உதவித்தொகையை நம்பி விடுதிக் கட்டணத்துக்கு வட்டிக்கு வாங்கியிருப்பான்.

கிளைகளின் உதவித்தொகைத் திட்டங்கள் பெரும்பாலும் இந்தப் படிக்கட்டில்தான் சறுக்குகின்றன. யாரும் பணத்தை எடுத்துக்கொள்வதில்லை, யாருக்கும் கெட்ட எண்ணமும் இல்லை. பொறுப்பாளர்கள் ஓராண்டிலோ ஈராண்டிலோ மாறுகிறார்கள், மாணவருக்குக் கொடுத்த வாக்கோ நான்கு ஆண்டுக்கு. நிதியை அமைக்கும்போது எடுக்கும் ஒவ்வொரு முடிவும் இந்த இடைவெளியை அடைப்பதாக இருக்க வேண்டும்.

அடைக்க எளிய வழி ஒன்று உண்டு. ஒரு மாணவரைத் தேர்ந்தெடுக்கும் அன்றே அவருக்கான நான்கு ஆண்டுத் தொகை, அதாவது 1,00,000 ரூபாய், வங்கியில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த ஆண்டு தேர்வே கிடையாது. இப்படிச் செய்தால் ஆண்டுக்கு இருவர் என்ற திட்டத்துக்கு முதல் ஆண்டிலிருந்தே 2,00,000 ரூபாய் திரட்ட வேண்டும். தொடக்கத்தில் பாரமாகத் தெரியும். ஆனால் நான்காம் ஆண்டிலும் அதே 2,00,000தான், பத்தாம் ஆண்டிலும் அதேதான். இவ்வளவு முடியாத கிளை ஆண்டுக்கு ஒருவரை எடுக்கட்டும், அல்லது மூன்றாண்டு டிப்ளமோ மாணவரை எடுக்கட்டும். நான்கு பேருக்கு அரைகுறையாகக் கொடுப்பதைவிட ஒருவரைக் கரை சேர்ப்பது மேல்.

மூலதனம் போட்டு வட்டியில் நடத்தலாமே என்ற யோசனை எல்லாக் கூட்டத்திலும் வரும். கணக்குப் பார்த்துவிடுவோம். ஆண்டுக்கு 2,00,000 ரூபாய் வட்டி வர, 7 சதவீத வைப்பில் ஏறத்தாழ 28,57,000 ரூபாய் போட வேண்டும். 300 உறுப்பினருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 9,500 ரூபாய்க்கு மேல். அதே 2,00,000 ரூபாயை 200 உறுப்பினர்கள் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தே சேர்த்துவிடலாம். போதாக்குறைக்கு மூலதனத்தைப் பணவீக்கம் அரிக்கிறது. கல்லூரிகளில் பல பத்தாண்டுகளுக்கு முன் 10,000 ரூபாய் போட்டு ஏற்படுத்திய நினைவுப் பரிசுகளைப் பாருங்கள். அன்று அதன் வட்டி ஒரு பருவக் கட்டணத்துக்கு ஆகியிருக்கும். இன்று 7 சதவீதத்தில் அதற்கு வருவது 700 ரூபாய், ஒரு பாடநூல் வாங்கினால் தீர்ந்துபோகும். எனவே ஆண்டு நன்கொடையை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, நினைவு நன்கொடைகளை மட்டும் மூலதனத்தில் சேர்ப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

பணம் யாருடையது?

கிளை என்பது பெரும்பாலும் தனிச் சட்ட உரு இல்லாத அமைப்பு. 1920இல் தொடங்கிய இந்தியப் பொறியாளர் நிறுவனமானாலும், 1928இல் தொடங்கிய இந்திய மருத்துவச் சங்கமானாலும், அகில இந்திய அமைப்பு ஒன்றின் உள்ளூர்ப் பிரிவு முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: வங்கிக் கணக்கு எந்த பான் எண்ணில் இருக்கிறது? தலைமையின் பான் எண் என்றால், கிளை திரட்டும் ஒவ்வொரு ரூபாயும் தலைமையின் வருமானம். ரசீதும் தலைமையின் பெயரில்தான் போக வேண்டும், கணக்கும் அங்கே சேர வேண்டும். கிளையே தனியாக 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவாகியிருந்தால் நிலைமை வேறு. ஆனாலும் சங்கத்தின் பொதுக் கணக்கிலேயே உதவித்தொகைப் பணத்தை வைப்பது ஆபத்து. கட்டடத்துக்கு வர்ணம் அடிக்க, மாநாட்டு மண்டப முன்பணம் கட்ட, "ரெண்டு மாசத்துல திருப்பிப் போட்டுடலாம்" என்று எடுப்பது அங்கிருந்துதான்.

ஆகவே சற்றே பெரிய கிளைகள் தனிப் பொது அறக்கட்டளை அமைப்பது நல்லது. மகாராஷ்டிரத்தில் 1950ஆம் ஆண்டுச் சட்டம் இருப்பதுபோலச் சமயம் சாராத பொது அறக்கட்டளைகளுக்கென்று தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இல்லை. பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிகிறோம், அவ்வளவுதான். சட்டம் மேலே இருந்து அதிகம் கண்காணிக்காத காரணத்தாலேயே பத்திரத்தில் இருக்கும் வரிகள் முக்கியமாகின்றன. அறங்காவலர் ஐவர் அல்லது எழுவர் இருக்கலாம். கிளைத் தலைவரும் பொருளாளரும் பதவி வழியில் வரலாம், ஆனால் அவர்கள் சிறுபான்மையாக இருக்க வேண்டும். மற்றவர்கள் ஒரே நாளில் விலகாமல், ஈராண்டுக்கு இருவராக மாற வேண்டும். காசோலையில் கையெழுத்திடும் மூவரில் எந்த இருவரும் போதும், ஆனால் இருவரில் ஒருவராவது நடப்புப் பொறுப்பாளர் அல்லாதவராக இருக்க வேண்டும். அறக்கட்டளை கலைந்தால் சொத்து இதே நோக்கமும் வரிப் பதிவும் உள்ள இன்னொரு அறக்கட்டளைக்குத்தான் போகும் என்ற வரி கட்டாயம். அது இல்லாத பத்திரத்தை வருமான வரித் துறை கேள்வி கேட்காமல் விடாது.

உறுப்பினர் பிள்ளைகளுக்கு மட்டும் என்றால்?

பொதுக்குழுவில் ஒருவராவது எழுந்து, "நம்ம மெம்பர் பிள்ளைகளுக்கு முதல்ல கொடுங்க சார்" என்பார். கோரிக்கை நியாயமானதுதான். விபத்தில் இறந்த சக பொறியாளரின் மகள் படிப்பை நிறுத்தும்போது சங்கம் கைகட்டி நிற்க முடியாது. ஆனால் அந்தப் பணமும் பொது அறப்பணமும் ஒரே பாத்திரத்தில் இருக்கக்கூடாது. அறம் என்றால் பயன் பொதுமக்களுக்கோ அவர்களில் ஒரு பகுதியினருக்கோ போக வேண்டும். ஒரு குறிப்பிட்ட அமைப்போடு உள்ள உறவால் மட்டும் அடையாளம் காணப்படுபவர்கள் 'பொதுமக்களில் ஒரு பகுதி' ஆவதில்லை என்பதற்கு, அன்று இங்கிலாந்தின் மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவை 1951இல் ஒப்பன்ஹைம் வழக்கில் சொன்ன தீர்ப்பு இன்றும் எடுத்துக்காட்டாக நிற்கிறது. ஒரு புகையிலை நிறுவனக் குழுமத்தின் ஊழியர் பிள்ளைகளுக்கான கல்வி அறக்கட்டளை அது. ஊழியர் எண்ணிக்கை 1,10,000க்கு மேல். அத்தனை பேர் இருந்தும் அது பொது அறம் ஆகவில்லை.

நம் வருமான வரிச் சட்டம் இன்னும் இறுக்கமானது. அறங்காவலர், நிறுவியவர், அவர்களின் உறவினர், பெரும் நன்கொடையாளர் ஆகியோருக்குப் பயன் போனால், 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 13 அந்த அளவுக்கு வரிவிலக்கைப் பறிக்கிறது. ஒரு சாதிக்கு அல்லது சமயத்துக்கு மட்டும் என்று எழுதினாலும் விலக்கு போகும். ஆகவே இரண்டு பெட்டி வைத்துக்கொள்ள வேண்டும். உறுப்பினர் சந்தாவோடு சேர்த்து வாங்கும் குடும்ப நலநிதி ஒன்று, அதற்கு நன்கொடை வரிச்சலுகை கேட்கவே வேண்டாம். பொதுமக்களுக்கான கல்வி அறக்கட்டளை இன்னொன்று. உறுப்பினர் பிள்ளை இரண்டாவதில் விண்ணப்பித்தால் மற்றவர்களோடு வரிசையில் நின்று தகுதியில் வரட்டும்.

வரிப் பதிவில் எங்கே வழுக்குகிறது

வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறைக்கு வரும் தேதி 2026 ஏப்ரல் 1. அதில் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. எல்லோர் வாயிலும் பழகியவை 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் எண்கள் என்பதால் அவற்றையே இங்கே சொல்கிறோம். உங்கள் ஆடிட்டர் புதிய எண்ணைப் பொருத்திக்கொள்வார்.

அறக்கட்டளையின் வருமானத்துக்கு விலக்குத் தரும் 12ஏபி பதிவு, நன்கொடையாளருக்கு வரிக் கழிவு தரும் 80ஜி பதிவு, புதிய அறக்கட்டளைக்கு இரண்டும் முதலில் தற்காலிகமாக மூன்று ஆண்டுக்குக் கிடைக்கும். அதை வழக்கமான பதிவாக்க, மூன்றாண்டு முடிய ஆறு மாதம் இருக்கும்போது அல்லது பணி தொடங்கிய ஆறு மாதத்துக்குள், இரண்டில் எது முன்னால் வருகிறதோ அதற்குள் விண்ணப்பிக்க வேண்டும். தவறு நடப்பது இந்த இரண்டாவது வரியில்தான். "மூணு வருஷம் இருக்கே" என்று கோப்பை மூடிவைக்கிறார்கள். முதல் மாணவருக்குக் காசோலை கொடுத்த அன்றே கடிகாரம் ஓடத் தொடங்கியதை யாரும் கவனிப்பதில்லை.

அடுத்தது 85 சதவீத விதி. ஓர் ஆண்டின் வருமானத்தில், பொது நன்கொடையும் வட்டியும் இதில் அடங்கும், 85 சதவீதத்தை அந்த ஆண்டே நோக்கத்துக்குச் செலவிட வேண்டும். நாம் மேலே சொன்ன திட்டத்தில் 2,00,000 திரட்டி முதல் ஆண்டு 50,000 மட்டுமே கொடுக்கிறோம். 1,70,000 செலவாகியிருக்க வேண்டும், 1,20,000 குறைகிறது. இதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது: எந்த நோக்கத்துக்கு, எத்தனை ஆண்டுக்கு என்று குறிப்பிட்டுப் படிவம் 10 தாக்கல் செய்தால் ஐந்தாண்டு வரை சேர்த்து வைக்கலாம். நான்காண்டுப் படிப்பு அதற்குள் அடங்கிவிடுகிறது. அறங்காவலர் தீர்மானத்தில் "தேர்வான மாணவர் இருவரின் மீதி மூன்று ஆண்டு உதவித்தொகைக்காக" என்று தெளிவாக எழுதுங்கள். "அறக்கட்டளை நோக்கங்களுக்காக" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் அது நிற்காது.

மூலதன நன்கொடைக்கு இந்த 85 சதவீதம் கிடையாது. ஆனால் "இது மூலதனத்துக்கு" என்று கொடுப்பவர் எழுத்தில் தந்திருக்க வேண்டும். பணம் வந்தபிறகு பொருளாளரே முடிவெடுத்து அப்படிக் கணக்கெழுதுவது செல்லாது. அந்தப் பணத்தைச் சட்டம் அனுமதித்த முதலீடுகளில் மட்டும் வைக்க வேண்டும். வங்கி வைப்பும் அஞ்சலக வைப்பும் போதும். உறுப்பினர் ஒருவரின் நிறுவனத்தில் "நல்ல வட்டி" என்று போட்டால் அந்தத் தொகைக்கு விலக்கை இழக்க நேரும்.

வசூல்

உறுப்பினர் உறுதிமொழியை முதலில் வைக்க வேண்டும். மாதம் 100 ரூபாய், வங்கி தானாகவே பிடித்துக்கொள்ளும் ஏற்பாடு. இதற்கு ஆகும் செலவு ஏறக்குறைய இல்லை.

மலர் வெளியீடு கிளைகளுக்குப் பழகிய வழி. முழுப்பக்கம் 5,000 ரூபாய் வீதம் 40 பக்கம் பிடித்தால் 2,00,000. 500 பிரதி, பிரதிக்கு 120 ரூபாய் அச்சுச் செலவு என்றால் 60,000 போய் 1,40,000 மிஞ்ச வேண்டும். மிஞ்சாமல் போவதற்குக் காரணம் பாக்கி. சிமென்ட் கடைக்காரர் பக்கம் அச்சாகிவிடும், பணம் பொங்கலுக்கும் வராது. பணம் வராமல் பக்கம் அச்சுக்குப் போகாது என்று முதலிலேயே சொல்லிவிடுவது இருதரப்புக்கும் நல்லது. ஓட்டப் போட்டி பார்வைக்குப் பெரிது, கைக்குச் சிறிது. 600 பேர், ஆளுக்கு 400 ரூபாய், மொத்தம் 2,40,000. டி-ஷர்ட் 170, பதக்கம் 60, தண்ணீரும் சிற்றுண்டியும் 70, எண் அட்டையும் நேரக் கணிப்பும் 50 என்று போட்டால் ஆளுக்கு மிச்சம் 50 ரூபாய், மொத்தம் 30,000. ஆம்புலன்ஸும் மேடையும் அதையும் தின்றுவிடும். விளம்பர ஆதரவாளர் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். சங்கத்தின் பெயர் ஊரில் தெரியவேண்டும் என்பதற்காக நடத்துவதானால் அதற்கென்று நடத்தலாம், உதவித்தொகையின் தலையில் கட்டக்கூடாது.

விருந்து நிகழ்ச்சியில் சீட்டு விற்றுக் குலுக்கல் நடத்தலாம் என்று வெளிநாட்டுக் கிளைகளைப் பார்த்துச் சிலர் சொல்வார்கள். தமிழ்நாட்டில் லாட்டரி 2003இலிருந்து தடை. பணம் வாங்கிச் சீட்டுக் கொடுத்துப் பரிசு தருவது எந்த நற்செயலுக்காக என்றாலும் வேண்டாம்.

நன்கொடைக்கும் விளம்பரத்துக்கும் நடுவே இருக்கும் கோடு மெல்லியது. ஜிஎஸ்டி பற்றி மத்திய மறைமுக வரி வாரியம் 2019 அக்டோபரில் வெளியிட்ட 116ஆம் சுற்றறிக்கை இதை அழகாக விளக்குகிறது. தந்தையின் நினைவாக இன்னார் கொடுத்தது என்று அறைக் கதவில் பெயர் பொறிப்பது நன்றி, அதற்கு வரி இல்லை. அதே இடத்தில் வணிகத்தை முன்னிறுத்தினால் அது சேவை. ஆகவே "இவ்வுதவித்தொகை திரு. இன்னார் நினைவாக" என்றால் நன்கொடை. "இன்னார் டைல்ஸ், பைபாஸ் ரோடு, அனைத்து ரகங்களும் கிடைக்கும்" என்றால் விளம்பரம், அதற்கு 80ஜி ரசீது கொடுக்கக் கூடாது. மலரில் பக்கம் வாங்கியவர் "80ஜியும் போட்டுக் கொடுங்க" என்று கேட்பார். மறுக்கத்தான் வேண்டும்.

80ஜியின் வலிமையையும் அளவோடு சொல்லுங்கள். 10,000 கொடுப்பவருக்குப் பாதி, அதாவது 5,000, கழிவாகும். 30 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்குச் செஸ் சேர்த்து மிச்சம் 1,560 ரூபாய். புதிய வரி முறையில் இருப்பவருக்கு அதுவும் இல்லை. ரொக்கமாக 2,000க்கு மேல் கொடுத்தாலும் இல்லை. வரிக்காகக் கொடுங்கள் என்று கேட்டால் கொடுப்பவர் ஏமாறுவார், மாணவருக்காகக் கேளுங்கள். கிளையின் கடமை வேறு: ஒவ்வொரு நன்கொடையாளரின் பான் எண்ணோடும் நன்கொடை விவரப் பட்டியலான படிவம் 10பிடியை மே 31க்குள் தாக்கல் செய்து, நன்கொடையாளருக்கு 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழைக் கொடுக்க வேண்டும். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். பான் எண்ணை நன்கொடை வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும். மே மாதம் 140 பேருக்குப் போன் போட்டுக் கேட்பது நடக்கிற காரியமல்ல.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி எல்லோருக்கும் ஆசை. நிகர லாபம் 5 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர மதிப்பு 500 கோடி, இவற்றில் ஒன்றை எட்டிய நிறுவனத்துக்குத்தான் அந்தக் கடமை. பெறுபவருக்கு 12ஏபி, 80ஜி, இந்த நிதியைப் பெறுவதற்கென்றே உள்ள சிஎஸ்ஆர்-1 பதிவு, மூன்றாண்டுப் பணி அனுபவம் வேண்டும். நேற்றுத் தொடங்கிய அறக்கட்டளை அங்கே போய் நிற்க வேண்டியதில்லை.

வெளிநாட்டுப் பணத்தில்தான் அறியாமல் குற்றம் நேர்கிறது. முன்னாள் உறுப்பினர் ஒருவர் டெக்சாஸிலிருந்து ஆசையாக ஆயிரம் டாலர் அனுப்புகிறார். அவர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர், தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புகிறார் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை அல்ல. அவர் அமெரிக்கக் குடிமகன் ஆகியிருந்தால், ஓசிஐ எனப்படும் வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினர் அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு இல்லாமல் வாங்கக்கூடாது, பதிவு இருந்தாலும் புது டெல்லி பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வர வேண்டும். தீர்மானிப்பது குடியுரிமைதான். பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வைத்த பிறகு கணக்கு எண்ணைக் கொடுங்கள்.

கொடுப்பதில் இருக்கிறது எல்லாம்

பணம் திரட்டுவதில் காட்டும் அக்கறையில் பாதியாவது கொடுப்பதில் இருக்க வேண்டும். முதலில், அரசு எதைக் கொடுக்கிறது என்று பாருங்கள். அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேர்ந்தவருக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. முதல் பட்டதாரிக்குக் கலந்தாய்வு வழிச் சேர்க்கையில் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டம் 2022 முதலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. இவை எட்டாத இடம் எது? தனியார் பள்ளியில் கடன் வாங்கிப் படிக்கவைத்த குடும்பம், முதல் பட்டதாரிச் சலுகை கிடைத்தும் மெஸ் பில் கட்ட முடியாதவர். கல்விக் கட்டணம் என்ற சொல்லையே விதியிலிருந்து எடுத்துவிட்டு, மெஸ், பேருந்து, மடிக்கணினி, தேர்வுக் கட்டணம் என்று எழுதினால் பணம் உண்மையான ஓட்டையில் போய் விழும்.

அடுத்தது தேதி. இதைப் பற்றிச் சொல்லி மாளாது. கலந்தாய்வு முடிந்து கல்லூரியில் பணம் கட்டும் நெருக்கடி ஆகஸ்ட், செப்டம்பரில். சங்க ஆண்டு விழா ஜனவரியிலோ பிப்ரவரியிலோ. காசோலை மேடையில் கைமாறும்போது குடும்பம் நகையை அடகு வைத்து ஐந்து மாதம் ஆகியிருக்கும், உதவித்தொகையில் ஒரு பகுதி அடகுக்கடை வட்டிக்குப் போகும். விண்ணப்பம் மே மாதம், வீடு பார்த்தல் ஜூன், தேர்வு ஜூலை, சேர்க்கை ஆணையைக் காட்டிய ஒரு வாரத்தில் பணம். தேர்வுக் கட்டணம் என்றால் கல்லூரிக் கணக்குக்கே, மெஸ்ஸும் புத்தகமும் என்றால் மாணவர் கணக்குக்கு.

வருமானச் சான்றிதழ் வேண்டும், ஆனால் அதை மட்டும் வைத்து இருவரில் யாருக்குத் தேவை அதிகம் என்று தீர்மானிக்க முடியாது. இரண்டு உறுப்பினர்கள் வீட்டுக்குப் போக வேண்டும், ஒருவராவது அந்தப் பகுதியைச் சேராதவராக இருக்க வேண்டும். சம்பாதிப்பவர் எத்தனை பேர், வேலை தினக்கூலியா மாதச் சம்பளமா, படிக்கும் பிள்ளைகள் எத்தனை, கடன் எவ்வளவு, தீராத நோய் யாருக்காவது உண்டா. ஐந்து கேள்வி, ஒரே பக்கப் படிவம். தேர்வுக் குழுவுக்குப் பெயரில்லாமல் எண்ணோடு போக வேண்டும். குழுவில் உள்ளவரிடம் வேலை செய்பவரின் பிள்ளை விண்ணப்பித்திருந்தால் அவர் அந்தக் கூட்டத்தில் உட்காரக்கூடாது, உட்காரவில்லை என்பது குறிப்பேட்டில் ஏற வேண்டும்.

"ஒரு அரியர் விழுந்தாலும் நிறுத்தப்படும்" என்ற விதி பல திட்டங்களில் இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள். தமிழ்வழியில் படித்த பிள்ளை முதல் பருவத்தில் ஆங்கிலத்தில் நடக்கும் கணிதத்திலும் பொறியியல் வரைபடத்திலும் தடுமாறுவது இயல்பு. உதவி மிக வேண்டிய நேரத்தில் உதவியை நிறுத்தும் விதி அது. 75 சதவீத வருகையைக் கட்டாயமாக்கலாம். இரண்டு அரியர் வரை பொறுத்து, அந்தப் பாடம் தெரிந்த உறுப்பினர் ஒருவரை வாரம் ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுக்க வைக்கலாம். தொழில்முறைச் சங்கத்திடம் பணத்தைவிட அதிகமாக இருப்பது இந்த அறிவுதானே. மூன்றாம் ஆண்டில் தளப்பயிற்சிக்கு இடம் கொடுக்கவும் இவர்களால்தான் முடியும்.

மேடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆளுயரக் காசோலை அட்டையைப் பிடித்துக்கொண்டு, "தந்தையை இழந்த ஏழை மாணவி" என்ற அறிவிப்போடு 17 வயதுப் பெண் 300 பேர் முன்னால் நிற்பது அவள் கேட்ட உதவியில் சேராது. படம் நன்கொடையாளருக்கு வேண்டும் என்றால், மாணவர்கள் எழுதிய கடிதங்களைப் பெயர் நீக்கி ஆண்டறிக்கையில் போடலாம். எத்தனை பேர் படிக்கிறார்கள், எவ்வளவு வந்தது, எவ்வளவு கொடுத்தது, இன்னும் கொடுக்க வேண்டிய வாக்கு எவ்வளவு, அதற்கு வங்கியில் எவ்வளவு இருக்கிறது. இந்த ஐந்து எண்களை மலரின் முதல் பக்கத்தில் அச்சிடலாம்.

பொறுப்பு மாறும் நாளில் புதிய செயலாளர் கைக்குப் போக வேண்டிய கோப்பு தடிமனாக இருக்கத் தேவையில்லை. பதிவுச் சான்றிதழ்கள், அவற்றின் காலாவதித் தேதிகள் எழுதிய ஒரு தாள், வைப்பு ரசீதுகள், நன்கொடையாளர் பான் பட்டியல், மாணவர் பட்டியல். அந்த மாணவர் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அடுத்த பணம் கொடுக்க வேண்டிய தேதி இருக்க வேண்டும். பழைய செயலாளரும் புதியவரும் அந்தப் பக்கத்தில் சேர்ந்து கையெழுத்திட்ட பிறகே பதவியேற்பு விழா நடக்கட்டும்.